220-க்குப் பின்னால் நட்சத்திரங்கள்: மெயில் தேடும் கருவிகள் பற்றி

கருவி விமர்சனம் எழுதுகிறவர்கள் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கடைசியில் போடுவார்கள். நான் போடுவதாக இல்லை. நட்சத்திரங்களால் ஒரு திங்கட்கிழமை முழுக்கப் பட்டாயிற்று. எப்படி என்று போகப் போகத் தெரியும்.

நான் சொல்லப்போகிற கருவிகள் எல்லாமே ஒரே வேலைக்கானவை. ஆபீஸ் சர்வருக்கும் க்ளவுடுக்கும் நடுவே மெயில் நின்றுபோனால், எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். மெசேஜ் ட்ரேஸ், ரிமோட் கனெக்டிவிட்டி அனலைசர், மெசேஜ் ஹெடர் அனலைசர், கியூ வியூவர், அப்புறம் யாரும் கருவி என்றே கணக்கில் சேர்க்காத புரோட்டோகால் லாக். ஐந்தும் மைக்ரோசாஃப்ட்டுடையவை. எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வர்) வைத்திருப்பவர்களுக்கு எதையும் தனியாக வாங்க வேண்டியதில்லை.

எங்கள் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய அறுநூறு மெயில்பாக்ஸ். பாதி ஆபீஸில் ஓடும் எக்ஸ்சேஞ்ச் சர்வரில், மீதி எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், அதாவது மைக்ரோசாஃப்ட் க்ளவுடில். இரண்டும் ஹைப்ரிடாக, ஒரே அமைப்பு போல, இணைந்திருக்கின்றன. வெளியுலக மெயிலுக்கான எம்எக்ஸ் (எங்களுக்கு வரும் மெயிலை எந்தச் சர்வரில் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் பதிவு) இன்னும் ஆபீஸ் சர்வரைத்தான் காட்டுகிறது. இந்த எம்எக்ஸ் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு சனிக்கிழமை இரவு பழைய ஃபயர்வாலைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்கள். எந்தக் கம்பெனிப் பெட்டி என்பது இங்கே முக்கியமில்லை. மாட்டி முடித்ததும் சோதித்தோம்: வெளியிலிருந்து மெயில் வந்தது, வெளியே மெயில் போனது, ஆபீஸிலிருந்து க்ளவுடுக்கும் போனது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். க்ளவுடிலிருந்து ஆபீஸுக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

திங்கள் காலை அக்கவுண்ட்ஸ் மேடத்திடமிருந்து போன். "என்னப்பா இது, சனிக்கிழமை ராத்திரி நான் அனுப்பின ஸ்டேட்மென்ட் மெயில் அப்படியே திரும்பி வந்திருக்கு. அட்ரஸ் சரியாத்தானே இருக்கு?"

அவருடைய மெயில்பாக்ஸ் க்ளவுடில். பெறுகிறவருடையது ஆபீஸில். அந்த ஒரு திசை மட்டும் செத்திருந்தது. சனிக்கிழமை மெயில் அதற்குள் எப்படித் திரும்பி வரும் என்று எனக்கு முதலில் குழப்பம். எக்ஸ்சேஞ்ச் சர்வர் வழக்கமாக ஒரு மெயிலை இரண்டு நாள் கியூவில், அதாவது காத்திருப்பு வரிசையில், வைத்து முயற்சி செய்யும். பதினைந்து வருடமாக அந்தக் கணக்கு தலையில் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் 24 மணி நேரம்தான் முயற்சி செய்யும், அப்புறம் திருப்பி அனுப்பிவிடும். சனிக்கிழமை ராத்திரிப் புறப்பட்ட மெயில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே கைவிடப்பட்டிருந்தது. அது தெரிந்திருந்தால் ஞாயிறு காலையில் ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பேன்.

சரி, மெசேஜ் ட்ரேஸ். க்ளவுட் நிர்வாகப் பக்கத்தில் இருப்பது. அனுப்புநர், பெறுநர், நேரம் கொடுத்தால் அந்த மெயில் க்ளவுடுக்குள் நடந்த பாதையைக் காட்டும். 90 நாள் வரை பின்னால் போகலாம். போய்ச் சேர்ந்ததா, நிலுவையா, தோல்வியா என்று ஒரு சொல்லில் நிலை சொல்லும். அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள்தான் நிறைய. வரியைத் தட்டித் திறந்தால்தான் உள்ளே இருக்கும் பிழைச் செய்தி தெரியும். எனக்குக் கிடைத்தது 451 5.7.3, கூடவே "மெயில் அனுப்ப ஸ்டார்ட்-டிஎல்எஸ் தேவை" என்ற பொருளில் ஒரு வாக்கியம். டிஎல்எஸ் என்பது வழியில் யாரும் படிக்க முடியாதபடி இணைப்பைப் பூட்டும் முறை, ஸ்டார்ட்-டிஎல்எஸ் அதைத் தொடங்கும் கட்டளை.

யாருக்கு யார் சொல்கிற வாக்கியம் இது? இங்கேதான் நான் கோட்டை விட்டேன். ஆபீஸ் சர்வர் க்ளவுடிடம் "டிஎல்எஸ் போட்டுக்கொண்டு வா" என்று கேட்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே டிஎல்எஸ்ஸுக்குச் சர்வர் காட்டும் அடையாளச் சான்றான சர்டிஃபிகேட்டில் ஏதோ கோளாறு என்று அதையே இரண்டு மணி நேரம் நோண்டினேன். காலாவதித் தேதி, பெயர், எந்தச் சேவைக்கு ஒதுக்கியிருக்கிறது, கனெக்டரில் (மெயில் எந்த வழியாக, எந்த நிபந்தனையோடு போக வேண்டும் என்று சர்வரில் போட்டுவைக்கும் அமைப்பு) பதிந்திருக்கும் சர்டிஃபிகேட் பெயரில் வழங்கியவர் பகுதியும் பெயர்ப் பகுதியும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா, எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாகவே இருந்தது. உண்மையில் அந்த வாக்கியம் க்ளவுட் தானே தனக்குச் சொல்லிக்கொண்டது: "இந்தக் கனெக்டரில் டிஎல்எஸ் கட்டாயம் என்று போட்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்ற வசதியையே காட்டவில்லை. நான் அனுப்ப மாட்டேன்."

மெசேஜ் ட்ரேஸுக்கு என் மதிப்பு இதுதான்: க்ளவுடுக்குள் நடந்ததற்கு நம்பகமான சாட்சி. எல்லையைத் தாண்டி நடந்ததற்கு, தன் காதில் விழுந்ததை மட்டும் சொல்லும் சாட்சி. மெயில் அனுப்பிய கையோடு தேடினால் ஒன்றும் வராது, சில நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரத்தில் அந்தச் சில நிமிடம் நீளமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்து ரிமோட் கனெக்டிவிட்டி அனலைசர். இணையப் பக்கம்தான், எதையும் நிறுவ வேண்டியதில்லை. உள்வரும் எஸ்எம்டிபி சோதனை என்று ஒன்று இருக்கிறது. எஸ்எம்டிபி என்பது சர்வர்கள் மெயிலைக் கைமாற்றிக்கொள்ளும் முறை. ஒரு மெயில் முகவரி கொடுத்தால் எம்எக்ஸ் பதிவைத் தேடி, அதற்கான 25-ஆம் போர்ட்டைத் தட்டி, ஒரு சோதனை மெயிலும் அனுப்பிப் பார்க்கும். எம்எக்ஸ் எங்கே காட்டுகிறதோ அங்கேதான் அது போகும் என்பதைக் கவனியுங்கள். எங்களுக்கு எம்எக்ஸ் ஆபீஸ் சர்வரைக் காட்டுவதால் பொருந்தியது. எம்எக்ஸை ஏற்கெனவே க்ளவுடுக்கு மாற்றிவிட்டவர்கள் இந்தச் சோதனையை ஓட்டினால் அது க்ளவுட் கதவைத் தட்டிவிட்டு வந்துவிடும். க்ளவுடுக்கும் ஆபீஸுக்கும் நடுவிலான பாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. இன்னொன்று: எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனின் ஐபி வரம்புகளை மட்டும் 25-ல் அனுமதிக்கும் ஃபயர்வாலாக இருந்தால், இந்தப் பக்கம் வேறு ஐபியிலிருந்து வருவதால் சிவப்புக் காட்டும். உண்மையான மெயில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். சிவப்பைப் பார்த்துப் பதறி ஃபயர்வாலைத் திறந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு வந்தது பச்சை. எம்எக்ஸ் பச்சை, போர்ட் பச்சை, மெயில் அனுப்பியது பச்சை. "சரி, ஃபயர்வாலில் ஒன்றுமில்லை" என்று பக்கத்தை மூடினேன். இதைக் கருவியின் குறை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏன் என்று இன்னும் சில பத்தியில் தெரியும்.

மதியத்துக்கு மேல்தான் புரோட்டோகால் லாக்கைத் திறந்தேன். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதை வரிக்கு வரி எழுதிவைக்கும் பதிவு அது. ஆபீஸ் சர்வரில், டிரான்ஸ்போர்ட் லாக் கோப்புறைகளுக்கு உள்ளே உள்ளே போனால் ஃப்ரன்ட்எண்டுக்கு ஒன்று, ஹப்புக்கு ஒன்று என்று இருக்கும். அனுப்பியதற்குத் தனி, பெற்றதற்குத் தனி. வெறும் எழுத்துக் கோப்பு. வண்ணம் கிடையாது, வரைபடம் கிடையாது, பட்டன் கிடையாது. காற்புள்ளி காற்புள்ளியாகப் பிரித்த வரிகள். நேரம் எல்லாம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நம் கடிகாரத்தோடு கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஒரு குறி: இணைப்பு தொடங்கினால் கூட்டல், முடிந்தால் கழித்தல், எதிராளி சொன்னதற்கு <, நம் சர்வர் சொன்னதற்கு >, தகவலுக்கு ஒரு நட்சத்திரம். இந்த நட்சத்திரம் நல்ல நட்சத்திரம், இதில் எனக்கு வருத்தமில்லை.

40.107-ல் தொடங்கும் ஐபியைத் தேடினேன். அது எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனின் வரம்புகளில் ஒன்று. கிடைத்த உரையாடல் இவ்வளவுதான். கூட்டல் குறி, இணைப்பு வந்தது. > குறி, நம் சர்வர் 220 என்று தன் பெயரோடு வணக்கம் சொன்னது. < குறி, எதிராளி ஈஹெச்எல்ஓ சொன்னார், அதாவது பதில் வணக்கம் சொல்லி, என்னென்ன வசதி உண்டு என்று கேட்டார். > குறி, 250-ல் தொடங்கும் பதில், அதற்குள் நம் சர்வரின் வசதிப் பட்டியல். அளவு வரம்பு, பைப்லைனிங், அப்புறம் தெள்ளத்தெளிவாக ஸ்டார்ட்-டிஎல்எஸ். அடுத்த வரியில் எதிராளி "க்விட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த இணைப்பும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆபீஸ் சர்வர் சொல்கிறது, "நான் ஸ்டார்ட்-டிஎல்எஸ் காட்டினேன்." க்ளவுட் சொல்கிறது, "நீ காட்டவில்லை." இருவரும் பொய் சொல்ல மாட்டார்கள். அப்படியென்றால் நடுவில் யாரோ ஒருவர் கடிதத்தைப் பிரித்து, ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, மறுபடி ஒட்டி அனுப்புகிறார்.

அனலைசர் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். இந்தத் தடவை பச்சையை நம்பாமல், ஒவ்வொரு அடியிலும் இருக்கும் விவரத்தை விரித்தேன். போர்ட் திறந்திருக்கிறது என்ற வரிக்குக் கீழே, கிடைத்த பேனர் என்று ஒரு வரி, அதாவது சர்வர் சொல்லும் அந்த முதல் வணக்கம். 220. அதற்குப் பின்னால் நம் சர்வரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம். நடுவே அநாதையாக ஒரு 2, ஒரு 0. காலையிலேயே கண்ணெதிரே இருந்திருக்கிறது. நான்தான் விரித்துப் பார்க்கவில்லை.

உறுதிப்படுத்த, வேறு இணைப்பில் இருக்கும் எங்கள் கிளை அலுவலகத்திலிருந்து டெல்நெட் (சர்வரோடு நேரடியாகத் தட்டச்சில் பேசும் கருவி) போட்டேன். வீட்டு இணைப்பில் 25 பெரும்பாலும் அடைத்தே இருக்கும், அங்கிருந்து முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். ஈஹெச்எல்ஓ அடித்ததும் வசதிப் பட்டியல் வந்தது. ஸ்டார்ட்-டிஎல்எஸ் இருக்க வேண்டிய வரியில் ஏழு எக்ஸ், கடைசியில் ஓர் ஏ. விரல் வைத்து எண்ணினேன். எட்டெழுத்து. ஆங்கிலத்தில் ஸ்டார்ட்-டிஎல்எஸ்ஸும் எட்டெழுத்துதான். நீளம் மாறாமல் முகமூடி மாட்டியிருந்தது. ஆபீஸுக்குள்ளிருந்து அதே சர்வருக்கு அதே கட்டளை கொடுத்தால் எல்லாம் ஒழுங்காக வந்தது.

இது ஃபயர்வால்களில் எஸ்எம்டிபி இன்ஸ்பெக்‌ஷன் என்று இருக்கும் பழைய வசதி. மெயில் உரையாடலை எட்டிப் பார்த்து, தனக்குப் புரியாத, பிடிக்காத கட்டளைகளை மறைக்கும். டிஎல்எஸ் தொடங்கிவிட்டால் உள்ளே பார்க்க முடியாது என்பதால் தொடங்கவே விடாது. வெளியுலக மெயில் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பெரும்பாலான சர்வர்கள் டிஎல்எஸ் இருந்தால் போடும், இல்லாவிட்டால் வெறுமனே அனுப்பிவிடும். அனலைசரின் சோதனை மெயிலும் அப்படித்தான் உள்ளே வந்து பச்சை வாங்கியது. ஹைப்ரிட் கனெக்டர் மட்டும் டிஎல்எஸ் கட்டாயம் என்று நிற்கும். நிற்கத்தான் வேண்டும். ஆபீஸிலிருந்து வெளியே போகும் திசையில் அந்த இன்ஸ்பெக்‌ஷன் போடப்படவில்லை, ஆகவே அந்தத் திசை பிழைத்துக்கொண்டது.

ஃபயர்வால் பார்க்கும் தம்பி முதலில், "சார், நாங்க பழைய ரூலைத்தான் அப்படியே கொண்டு வந்தோம், எதையும் மாத்தலை" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். ரூல் மாறவில்லை. புதுப் பெட்டியில் இன்ஸ்பெக்‌ஷன் தானாகவே போட்ட நிலையில் வந்திருந்தது. எக்ஸ் வரிசையின் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். ஆபீஸ் எக்ஸ்சேஞ்சுக்கும் க்ளவுடுக்கும் நடுவே எஸ்எம்டிபியைத் தொட்டு மாற்றும் எந்தப் பெட்டியும் இருக்கக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்ரிட் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. படித்ததுதான், நினைவில் இல்லை.

டெல்நெட்டுக்குப் பதில் டிஎல்எஸ் இணைப்பைச் சோதிக்க உதவும் ஓப்பன்-எஸ்எஸ்எல்லை எஸ்எம்டிபி முறையில் ஓட்டினாலும் இதைப் பிடிக்கலாம். எதிர்ப்பக்கம் ஸ்டார்ட்-டிஎல்எஸ் சொல்லவில்லை என்று அது வெளிப்படையாகவே புலம்பும். சர்டிஃபிகேட்டையும் சேர்த்துக் காட்டும் என்பதால் இப்போது எனக்கு அதுதான் முதல் கை.

புரோட்டோகால் லாக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. வெளியிலிருந்து பெறும் முதன்மைக் கனெக்டருக்கு லாக் வழக்கமாகப் போட்டே இருக்கும். நாமாக உருவாக்கும் அனுப்பும் கனெக்டருக்கு இருக்காது. பிரச்சினை வந்த பிறகு போட்டால், அதற்குப் பிறகு நடப்பதுதான் பதிவாகும். இன்றைக்கே போய்ப் பார்த்து விரிவான நிலையில் வைத்துவிடுங்கள். 30 நாள் வரைதான் வைத்திருக்கும், கோப்புறைக்கு அளவு வரம்பும் உண்டு, ஆகவே டிஸ்க் நிரம்பிவிடும் என்ற பயம் வேண்டாம்.

மெசேஜ் ஹெடர் அனலைசரை அந்தத் திங்கட்கிழமை நான் தொடவே இல்லை. ஹெடர் என்பது மெயிலோடு கூடவே வரும் பயணக் குறிப்பு. வந்து சேராத மெயிலுக்கு ஹெடர் ஏது? வந்து சேர்ந்தும் சரியாகச் சேராத மெயிலுக்குத்தான் அது. வேறொரு சமயம், ஆபீஸ் ஆட்கள் அனுப்பும் மெயில் க்ளவுட் ஆட்களின் ஜங்க் பெட்டியில் விழுந்தது. பக்கத்து மேஜைக்காரருக்கு வெளியாளுக்குப் போகும் விடுமுறைப் பதில் போனது. உள்ளவர்கள் மட்டும் எழுதலாம் என்று பூட்டிய குழு முகவரி 5.7.133 என்று திருப்பி அடித்தது. ஹெடரை எடுத்து ஒட்டினேன். ஆத்-ஆஸ் என்று முடியும் ஹெடரில் "இன்டர்னல்" என்று இருக்க வேண்டும், "அனானிமஸ்" என்று இருந்தது. ஹைப்ரிட் அனுப்பும் கனெக்டரை எங்களில் ஒருவர் சோதனைக்காக அணைத்துவிட்டுப் போட மறந்திருந்தார். மெயில் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான இணையக் கனெக்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு போய், முன்பின் தெரியாதவர் மாதிரி க்ளவுட் வாசலில் நின்றது. மெயில் நின்றால் பத்து நிமிடத்தில் போன் வரும். இப்படி அரைகுறையாகப் போனால் ஒரு வாரம் கழித்துத்தான் வரும், அதுவும் "ஏதோ சரியில்லை" என்று.

அந்தக் கருவியில் பிடித்தது, வழியில் ஒவ்வொரு சர்வரும் சேர்க்கும் ரிசீவ்டு வரிகளை நேர வரிசையில் அடுக்கி ஒவ்வொரு தாவலுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டுவது. ஹெடரைக் கையால் படித்தால் கீழிருந்து மேலே படிக்க வேண்டும், நடுவில் கணக்கு தப்பும். எப்போதாவது ஒரு தாவலுக்குக் கழித்தல் கணக்கில் நேரம் வரும். மெயில் காலத்தில் பின்னோக்கிப் போகவில்லை, ஏதோ ஒரு சர்வரின் கடிகாரம் தவறு. அவுட்லுக்குக்குள்ளேயே ஆட்-இன்னாகவும் கிடைக்கிறது, நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கியூ வியூவரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆபீஸிலிருந்து போகும் மெயில் எங்கே தேங்கியிருக்கிறது, கடைசிப் பிழை என்ன என்று காட்டும். அந்தக் கடைசிப் பிழை நெடுவரிசையை மட்டும் படித்தாலே பாதி வேலை முடியும். 450 4.7.230 என்று பார்த்தால் நெட்வொர்க்கைத் தேட வேண்டாம். உங்கள் எக்ஸ்சேஞ்ச் பதிப்பு பழையது என்று க்ளவுட் வேகத்தைக் குறைக்கிறது என்று பொருள். 2023-ல் எக்ஸ்சேஞ்ச் 2007-லிருந்து தொடங்கிய ஏற்பாடு அது. முதலில் மெதுவாக்கும், சரிசெய்யாவிட்டால் 550 போட்டு மறுத்துவிடும். 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், இன்னும் அவற்றில் இருப்பவர்கள் இந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நெட்வொர்க் பக்கமே போகாமல் கியூவைப் பார்த்திருக்க வேண்டிய இன்னொரு நாள் 2022 ஜனவரி 1. உலகம் முழுக்க எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் மெயில் உள்ளுக்குள்ளேயே தேங்கியது. ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்கும் மால்வேர் ஸ்கேனரின் பதிப்பு எண் 2201010001 ஆனது. அதை வைத்திருந்த 32 பிட் எண் 2147483647-க்கு மேல் தாங்காது. புத்தாண்டு பிறந்ததே குற்றம்.

அக்கவுண்ட்ஸ் மேடத்துக்கு வருகிறேன். மாலை ஐந்து மணிக்கு எல்லாம் சரியாயிற்று என்று சொல்ல அவரைக் கூப்பிட்டேன். "சரிப்பா, ஞாயித்துக்கிழமையிலிருந்து யார் யாருக்கு எந்தெந்த மெயில் திரும்பி வந்ததுன்னு ஒரு லிஸ்ட் குடுக்க முடியுமா? பாதிப் பேர் பார்த்திருக்கவே மாட்டாங்க" என்றார். புரோட்டோகால் லாக்கால் அதைத் தர முடியாது. அதில் அந்த மெயில்களே இல்லை, க்விட் சொல்லிவிட்டுப் போன இணைப்புகள்தான் இருந்தன. மெசேஜ் ட்ரேஸில் தோல்வி என்று வடிகட்டி, இரண்டு நாள் தேதி கொடுத்து, பட்டியலைக் கோப்பாக இறக்கினேன். அனுப்புநர், பெறுநர், தலைப்பு, நேரம், எல்லாம் இருந்தது. இருநூற்றுச் சொச்சம் வரி. அனுப்புநர் வாரியாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் அனுப்பி முடிக்க இரவு எட்டரை ஆயிற்று. அவற்றில் பதினோரு வரி என்னுடையவை.